அஸ்ஸூஃபீ கண்ட சிறு மேகம்

ஆண்ட்ரோமிடா அண்டத்தைக் கண்டுபிடித்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ என்று மேடைகளிலும் ஏடுகளிலும் சொல்லப்படுவதுண்டு. அவர் செய்த பணி எத்தகையது என்பதை நாம் சற்று நிதானித்துக் காண வேண்டும்.

கி.பி. 903இல் ரய் நகரில் பிறந்த அஸ்ஸூஃபீ, புவைஹி மன்னர் அளுதுத் தௌலாவின் அவையில் விளங்கிய வானியல் அறிஞர். ஏறத்தாழ 964இல் அவர் இயற்றிய ‘ஸுவருல் கவாகிபித் தாபிதா’ என்னும் நூல், 48 விண்மீன் தொகுதிகளை ஆராய்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் இரு படங்கள் உள்ளன: ஒன்று வானில் தெரியும் வண்ணம், மற்றொன்று வான்கோளத்தில் வரையப்படும் வண்ணம்.

அடிப்படை, இரண்டாம் நூற்றாண்டில் தாலமி வகுத்த பட்டியலே. அதிலுள்ள தீர்க்கரேகைகளுடன் 12 பாகை 42 கலையைக் கூட்டித் தம் காலத்துக்கு ஏற்ப அமைத்துக் கொண்டார் அஸ்ஸூஃபீ. ஆனால் விண்மீன்களின் ஒளித்தரத்தைத் தம் கண்ணால் கண்டே மதிப்பிட்டார். தாலமியோடு மாறுபட்ட இடங்களைத் தயங்காமல் குறித்தார். வானத்தை நேரில் அறியாமல், பிறர் வரைந்த கோளங்களை நம்பி எழுதியவர்களை முன்னுரையில் கண்டிக்கவும் செய்தார்.

தாலமியின் பட்டியலில் இல்லாத ஒன்றும் அந்நூலில் இடம்பெற்றது. அரபு மக்கள் வானில் கண்ட பெரிய மீனின் வாயருகே, மேகம் போன்ற மங்கலான திட்டு ஒன்றை அவர் புள்ளிகளால் குறித்தார். இன்று நமக்குக் கிடைக்கும் பதிவுகளில், ஆண்ட்ரோமிடா அண்டத்தைப் பற்றிய மிகப் பழமையானது இதுவே. கிரேக்கரின் கணிதமும் பாலைவன அரபியரின் வான் அனுபவமும் ஒரே ஏட்டில் சந்தித்ததன் பயன் அது.

1612இல் ஸைமன் மாரியுஸ் அதைத் தொலைநோக்கியால் கண்டு எழுதினார். 1923இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் எட்வின் ஹப்பிள் அதனுள் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை இனங்கண்டார். அதைக் கொண்டு தொலைவைக் கணித்தபோதுதான், அது நம் பால்வெளிக்கு அப்பாலுள்ள தனி அண்டம் என்பது உறுதியாயிற்று. அதன் தொலைவு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்பது இன்றைய கணக்கு.

இவை எதையும் அஸ்ஸூஃபீ அறிந்திருக்க வழியில்லை. அறியாத ஒன்றை அவர் மீது ஏற்றிப் புகழ வேண்டிய தேவையும் நமக்கில்லை. முன்னோரின் நூலை மதித்துக் கற்றார். அதில் இல்லாததையும் கண்டபடியே எழுதி வைத்தார். நம் கல்விக்கூடங்கள் அவரிடமிருந்து மீட்டெடுக்க வேண்டியது இந்தப் பண்பைத்தான்.