பொறியியல் மாணவர் தொழிலகப் பயிற்சி மதிப்பீடு

பொறியியல் மாணவர் தொழிலகப் பயிற்சி மதிப்பீடு என்பது, பட்டப்படிப்பின் இடையே தொழிற்சாலை, கட்டுமானத் தளம், மென்பொருள் நிறுவனம் போன்ற இடங்களில் பணிபுரியும் மாணவர் அங்கு பெற்ற தொழில்சார் திறன்களை அளந்து, அவற்றுக்கு முறையான ஏற்பு வழங்கும் செயற்பாடு ஆகும். மாணவர் பயிற்சிக்குச் சென்றுவந்தார் என்பதை உறுதிசெய்வது எளிது. அங்கு என்ன கற்றார் என்பதை உறுதிசெய்வது கடினம். இங்கு விளக்கப்படும் முறைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியைக் குறைக்க எழுந்தவையே.

வரலாறு

படிப்பும் வேலையும் மாறிமாறி வரும் சாண்ட்விச் படிப்பு, 1903 இல் இங்கிலாந்தின் சன்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கியது. 1906 இல் ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் இதையொத்த கூட்டுறவுக் கல்வியை 27 மாணவர்களுடன் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் இம்முறையைக் கைக்கொண்டது.

பிரித்தானியாவில் 1955 இல் அமைக்கப்பட்ட தேசிய தொழில்நுட்ப விருதுகள் அவை, பெரும்பாலும் சாண்ட்விச் முறையில் பயின்றோருக்குத் தொழில்நுட்ப டிப்ளோமா வழங்கியது. இது பல்கலைக்கழகச் சிறப்புப் பட்டத்துக்கு இணையாகக் கருதப்பட்டது. தொழிலகத்தில் கழித்த காலத்தையும் உயர்கல்வியின் ஒரு பகுதியாக ஏற்ற முக்கியமான முன்னெடுப்பு இது எனலாம்.

மதிப்பீட்டு முறைகள்

பொதுவாக மூன்று சான்றுகள் பயன்படுத்தப்படுகின்றன: மேற்பார்வையாளரின் மதிப்பீட்டுப் படிவம், மாணவரின் அறிக்கை, வாய்மொழித் தேர்வு. வாட்டர்லூவில் வேலை வழங்குநர் மாணவரை ஏழு படிநிலைகளுள் ஒன்றில் வைக்கிறார். ஆனால் அது பாடங்களின் சராசரி மதிப்பெண்ணில் சேர்வதில்லை. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகம் பயிற்சி ஆண்டுக்கெனத் தொழிலகக் கற்கை டிப்ளோமா என்ற தனிச் சான்றிதழை வழங்குகிறது.

பயிற்சி நாட்குறிப்பும் பரவலாக உள்ளது. எனினும் பல நாட்குறிப்புகள் வருகைப் பதிவேட்டின் நகலாகவே அமைந்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, "பம்பு பழுதுபார்ப்பில் பங்கேற்றேன்" என்ற பதிவு எந்தத் திறனுக்கும் சான்றாகாது. பம்பின் அதிர்வு ஏன் கூடியது, மோட்டார்த் தண்டும் பம்புத் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பது எவ்வாறு அளந்து அறியப்பட்டது, சரிசெய்த பின் அதிர்வு எவ்வளவு குறைந்தது, இவற்றுள் மாணவர் தாமே செய்தது எது என்று எழுதினால் அது மதிப்பிடத்தக்க சான்றாகிறது. தவறாக முடிந்த முயற்சியும், அதற்கான காரணம் விளக்கப்பட்டால், நல்ல சான்றே.

காலமா, தகுதிநிலையா

பிரித்தானியப் பொறியியல் அவை 2003 இல் வெளியிட்ட தொழில்சார் தகுதிநிலைத் தரம், எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தார் என்பதைவிட எதைச் செய்ய வல்லவர் என்பதையே முதன்மைப்படுத்துகிறது. அறிவும் புரிதலும், வடிவமைப்பும் சிக்கல் தீர்த்தலும், பொறுப்பும் தலைமையும், தொடர்பாடல், தொழில் ஒழுக்கம் என ஐந்து பிரிவுகளில் விண்ணப்பதாரர் சான்று காட்டவேண்டும். பட்டம் பெறுவதற்கு முந்தைய பயிற்சியில் திரட்டிய சான்றுகளையும் இதற்குப் பயன்படுத்த முடியும். எனவே பயிற்சியின்போதே பதிவுகளை ஒழுங்காகப் பேணிய மாணவருக்குப் பிற்காலத்தில் இது நேரடியாக உதவுகிறது. பேணாதவர் தாம் செய்த வேலையையே நிறுவ இயலாமல் போகலாம்.

சிக்கல்கள்

முதன்மையான சிக்கல் சமமின்மை. வடிவமைப்புக் குழுவில் இடம்பெற்றவரும், மாதக்கணக்கில் ஆவணங்களை ஒளிநகல் எடுத்தவரும் ஒரே படிவத்தால் அளக்கப்படுகின்றனர். மேற்பார்வையாளர்கள் தாராளமாக மதிப்பிடுவதும் உண்டு. மாணவரின் எதிர்காலத்தைக் கெடுக்க எவரும் விரும்புவதில்லை. நிறுவனத்தின் இரகசியக் காப்பு விதிகளால் வரைபடங்களையோ நிரற்றொடர்களையோ அறிக்கையில் இணைக்க முடியாமல் போவதும் உண்டு. தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்று மட்டும் முடிவளிப்பது சில வேளைகளில் நியாயமான வழியே. ஆயினும் அது சிறந்த பணியைக் காட்டாது மறைத்துவிடுகிறது. மாணவர் தமது பணியைத் தாமே விளக்கும் வாய்மொழித் தேர்வு, நேரமும் ஆட்பலமும் வேண்டுவதாயினும், இக்குறைகளை ஓரளவு ஈடுசெய்கிறது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

கோயம்புத்தூர் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி இயந்திரவியல், மின்னியல், உற்பத்திப் பொறியியல் துறைகளில் ஐந்தாண்டு சாண்ட்விச் பட்டப்படிப்புகளை நடத்தி வந்துள்ளது. கல்லூரியை ஒட்டியே தொழிற்கூடம் அமைந்திருந்ததால், கற்பிப்போரும் வேலை வாங்குவோரும் அருகருகே இருந்தனர். இலங்கையில் மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவரின் பயிற்சியில், தேசிய தொழில் பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் பங்கேற்கிறது. அங்கும் பயிற்சி நாட்குறிப்பு முக்கிய ஆவணமாகும்.