ஓட்டுநர் காணாத விளக்கு: இந்திய வாகனங்களில் விளக்குப் பழுதறிதலின் வரலாறு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 190ஆம் பிரிவில் நுட்பமான ஓர் அளவுகோலை வைக்கிறது. பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுதோடு பொதுச்சாலையில் வண்டி ஓட்டியவர், அப்பழுதை அறிந்திருந்தால் குற்றவாளி. சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் அறிந்திருக்கக்கூடும் என்றாலும் குற்றவாளியே. பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றுக்கு இந்த அளவுகோல் எளிதில் பொருந்துகிறது. அவற்றின் கோளாறு ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் தானே புலப்பட்டுவிடும். பின்விளக்கின் கதை வேறு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 105ஆம் விதி, பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்கிறது. அந்தத் தொலைவில் இருப்பவர் முன்பின் அறியாத வேறொருவர். அவருக்காகவே எரியும் அவ்விளக்கு அணைந்துபோனதைக் கடைசியில் அறிபவர், அதற்குப் பொறுப்பேற்க வேண்டிய ஓட்டுநர்.

அப்படியானால் ஒரு விளக்கைப் பொறுத்தவரை சாதாரணக் கவனம் என்பது எது? இந்தியச் சாலைகளில் இதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மோட்டார் வாகன வரலாற்றை எழுதியோர் தொழிற்சாலைகளையும் உரிமங்களையும் விரிவாகப் பதிந்த அளவுக்கு, எரியாத விளக்கின் முன் குந்தியிருந்த மனிதரின் அறிவைப் பதியவில்லை.

தொடக்க காலக் கார்களில் எண்ணெய் விளக்கும் அசிட்டிலின் விளக்கும் இருந்தன. கார்பைடு கல்லின் மீது நீர் சொட்டச் சொட்ட எழும் வாயு குழாய் வழியே வந்து பர்னரில் எரியும். அதன் கோளாறுகள் அனைத்தும் புலன்களுக்கு எட்டுபவை. நீர் சொட்டுவது நின்றிருக்கும். சுண்ணாம்புக் கசடு அடைத்திருக்கும். பர்னரின் நுண்துளை தூர்ந்திருக்கும். குழாய் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். பழுது விளக்கிலோ அதன் அருகிலோதான் இருந்தது. மின்சாரம் வந்தபின் இந்த அண்மை குலைந்தது. விளக்கு வண்டியின் ஒரு மூலையில் அணைந்திருக்க, காரணம் பத்தடி தள்ளி ஒரு திருகாணியின் அடியில் ஒளிந்திருக்கலாம். பழுதறிதல் ஒரு தனித்தொழிலாக உருப்பெறுவதற்கு இந்த இடைவெளியே வழி செய்தது.

இடைவெளியை மேலும் குழப்பியது ஒற்றைக் கம்பி முறை. ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் போக ஒரு கம்பியும் திரும்ப ஒரு கம்பியும் இழுப்பதற்குப் பதிலாக, திரும்பும் பாதையாக வண்டியின் இரும்பு உடலையே பயன்படுத்தும் முறை அது. அப்பாதைக்குப் பிரித்தானிய ஆங்கிலத்தின் வழியில் ‘எர்த்’ என்று பெயர் வந்தது. நான்கு ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டி மண்ணைத் தொடுவதே இல்லை; ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்ப் பாடநூல்களின் ‘புவித்தொடுப்பு’ வீட்டு மின்னிணைப்புக்குச் சரியாகப் பொருந்தும், வண்டிக்குப் பொருந்தாது. இந்தியில் அச்சொல் எழுத்தளவில் ‘அர்த்’ ஆகி, ‘பொருள்’ என்று பொருள்படும் வடமொழிச் சொல்லோடு உருவத்தில் ஒன்றிவிட்டது. தமிழ்ப் பட்டறைகள் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு வினைகளைத் தாமே அமைத்தன. ‘எர்த் வரல’ என்றால் திரும்பும் பாதை அறுந்திருக்கிறது. ‘எர்த் அடிக்குது’ என்றால் மின்கம்பி தொடக்கூடாத இடத்தில் உடலைத் தொடுகிறது. ஒரே பெயர்ச்சொல்லின் மேல் எதிரெதிரான இரு நோய்களை ஏற்றி, வினையால் மட்டும் பிரித்துக்காட்டும் கலைச்சொல்லாக்கம் இது. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி இதை அமைக்கவில்லை.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரும், ஜம்ஷெட்பூரிலும் எண்ணூரிலும் 1950களில் உருவாகத் தொடங்கிய லாரிகளும் இம்முறையை நாடெங்கும் கொண்டுசென்றன. இங்குள்ள தட்பவெப்பமோ அதற்குப் பகை. மழைநீர், சேறு, கடற்காற்று, ஆண்டுதோறும் பூசப்படும் புதுப் பெயின்ட் ஆகிய அனைத்தும் திரும்பும் பாதையையே முதலில் தாக்குகின்றன. பின்விளக்குப் பெட்டி உடலோடு சேரும் திருகாணியில் துரு ஏறினால் என்ன நேரும் என்பது, புதிதாகத் தொழில் பழகுவோரைத் திகைக்கவைத்த புதிர். பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு பளிச்சிடாது. அதற்குப் பதிலாகப் பின்விளக்கு மங்கலாக விழிக்கும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து துடிக்கும். ஒரே பெட்டிக்குள் உள்ள விளக்குகளுக்குத் திரும்பும் பாதை பொதுவானது. அது அடைபட்டால், ஓர் இழையின் வழியே வந்த மின்சாரம் அடுத்த இழையின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, மறுபக்க விளக்கின் நல்ல எர்த்தைத் தேடிப்போகும். பல்பின் மேல் ஐயம் கொண்டு பல்பாக மாற்றிக்கொண்டே இருப்பவர் இரவு முழுவதும் மாற்றலாம். தேர்ந்தவர் செய்வது ஒன்றே: பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒரு கம்பியை நேரே இழுத்து விளக்குப் பெட்டியைத் தொடுவார். உடனே எல்லாம் ஒழுங்காக எரிந்தால் குற்றவாளி எர்த். திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது.

இங்கே ‘எரியும் அளவு’ என்ற சிக்கலும் உண்டு. 60 வாட் முன்விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். இணைப்பு ஒன்றில் 0.3 ஓம் தடை சேர்ந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் படியில் ஏறி இறங்குவது. ஆகவே எட்டில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தால் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். விளக்கு எரிகிறதா என்று கேட்கும் சோதனைக்கு இது எரியும் விளக்கு. சாலையைப் பார்ப்பவருக்கு இது பாதி இருட்டு. எரிவது, எரியாதது என்ற இருமைக்குள் சட்டமும் தகுதிச் சான்றும் நின்றுவிட, மங்குவது என்ற மூன்றாம் நிலையை அறிந்தது பட்டறை மட்டுமே என்றால் மிகையாகாது.

இந்த அறிவு பெரிதும் வாய்மொழியாகவே பரவியது. 1961இல் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் கூட்டாக அமைத்த தொழிற்சாலை, சென்னை பாடியில் வாகன மின்கருவிகளைச் செய்யத் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன மின்தொழிலும் ஒரு பாடப்பிரிவாயிற்று. ஆயினும் டெல்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், பெங்களூரு ஜே.சி. சாலை, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கைமாறிய பழைய உதிரிப்பாகங்களோடு கைமாறிய அறிவுக்குப் பாடநூல் கிடையாது. அதன் முதற்கருவி டெஸ்ட் லேம்ப்: ஒரு சிறு பல்பு, இரு கம்பிகள், ஒரு கூர்முனை. அத்தொழிலின் மொழியும் பழையதைக் கைவிட மறுத்தது. டைனமோக்களின் இடத்தை ஆல்டர்னேட்டர்கள் பிடித்துப் பல்லாண்டுகள் ஆனபின்னும் கடைப்பலகைகளில் ‘டைனமோ, செல்ஃப்’ என்றே எழுதியிருக்கக் காணலாம்.

ஸ்கூட்டரின் விளக்கு தனிக்கதை. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்கின் பழைய மாடல்கள் பலவற்றில் விளக்குகள் பேட்டரியைச் சாராமல், எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோவிலிருந்தே நேரடியாக மின்சாரம் பெற்றன. சிக்னலில் நின்றால் விளக்கு மங்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் பிரகாசிக்கும். வெளிச்சம் வேண்டி வேகம் கூட்டும் விபரீதமான பழக்கத்தை அக்கருவியே கற்றுக்கொடுத்தது. அதைவிடக் கொடியது அதன் தொடர்மரணம். மேக்னெட்டோ தரும் அழுத்தம் இரண்டு பல்புகளும் சேர்ந்து இழுக்கும் சுமையைப் பொறுத்தது. முன்பல்பு ஃபியூஸ் ஆனவுடன் அந்த அழுத்தம் முழுவதும் பின்னாலிருக்கும் சிறு பல்பின் மேல் ஏறும். முன்னே இருண்டதும் பதறிய ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவார். அந்த நொடியே பின்விளக்கும் கருகும். அவருக்குத் தெரிந்த பழுது முன்னால் இருந்தது. அடுத்த நாள் முன்பல்பை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு போனவர்கள் பின்னால் இருட்டோடு எத்தனை நாள் ஓடினரோ. நல்ல மெக்கானிக் முன்பல்பு போன வண்டி வந்தால், கேட்காமலே பின்புறம் போய்ப் பார்ப்பார்.

ஓட்டுநருக்குத் தன் பழுதைத் தானே அறிவித்த முதல் வெளிவிளக்கு இண்டிகேட்டர் எனலாம். ஹிந்துஸ்தான் 14 போன்ற கார்களில் திரும்புவதைக் காட்டப் பக்கவாட்டில் நீளும் சிறு கைகள் இருந்தன. பின்னரே மின்னும் விளக்கு அவ்விடத்தைப் பிடித்தது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது இன்றைய விதி. மின்னணு ஃபிளாஷர் பொருத்திய வண்டியில் ஒரு பல்பு போனால் மீதமுள்ளது பதற்றமாக வேகமெடுக்கும். அந்த டிக் டிக் ஒலியே எச்சரிக்கை. பின்விளக்குக்கோ இத்தகைய குரல் நெடுங்காலம் வாய்க்கவில்லை.

லாரியில் அந்தக் குரலாக இருந்தவர் கிளீனர். வண்டி நின்ற இடமெல்லாம் இறங்கி, டயரைத் தட்டி, விளக்கின் சேற்றைத் துடைத்து, பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து கத்திச் சொல்பவர் அவர். சட்டம் கேட்கும் சாதாரணக் கவனம் நடைமுறையில் இரண்டாவது ஒரு மனிதரின் உடலுழைப்பாக இருந்தது. தனியாக ஓட்டுபவருக்குச் சுவரில் விழும் சிவப்பொளியின் நிழலாட்டமே துணை. லாரிகளின் பின்புறம் ‘இரவில் டிப்பர் பயன்படுத்துக’ என்று ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமும் இங்கே நினைக்கத்தக்கது. முன்விளக்கைத் தாழ்த்தும் சுவிட்சுக்கு இந்திய ஆங்கிலம் தந்த பெயர் அது. ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டாத தமிழ் எழுத்தில் அச்சொல் மணல் கொட்டும் டிப்பர் லாரியோடு கலந்து இருபொருட் சொல் ஆயிற்று. பிறர் விளக்கைத் தாழ்த்தச் சொல்லும் அப்பலகையின் இருபுறமும், சேறு அப்பிய இரு சிவப்பு விளக்குகள் எரியாமல் இருப்பதும் உண்டு.

உயிர்கள் போவது இங்கேதான். பழுதாகி நெடுஞ்சாலையில் நின்றுவிட்ட லாரியில் பெரும்பாலும் மின்சாரமும் போயிருக்கும். விளக்கு மிகத் தேவைப்படும் வேளையில் அது எரிய வழியிருக்காது. வண்டியை ஆபத்தான முறையில் நிறுத்திவைப்பதை 122ஆம் பிரிவு தடுக்கிறது. சாலை மரபு அதற்குக் கண்ட மாற்று, பின்னால் வைக்கும் மரக்கிளையும் கல்வரிசையும். வண்டி கிளம்பியபின் அக்கற்கள் அங்கேயே கிடந்து அடுத்தவரைக் கொல்வதும் உண்டு. மின்சாரம் வேண்டாத பிரதிபலிப்பு நாடாக்களை விதிகளில் சேர்த்தது, பல்பை நம்ப முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட செயல் என்று படிக்கலாம்.

மோதியபின் வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். நின்றிருந்த லாரியின் பின்விளக்கு எரிந்ததா என்ற ஒரு கேள்வியைச் சுற்றி, இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை கூடும் அல்லது குறையும். எரிந்தது என்பார் ஒரு தரப்பினர். இல்லை என்பார் மறுதரப்பினர். தடய அறிவியல் அந்தப் பல்பையே சாட்சியாக்கக் கற்றுக்கொண்டது. மோதும்போது எரிந்துகொண்டிருந்த இழை, சூட்டில் இளகியிருப்பதால் அதிர்ச்சியில் நீண்டு சுருள் குலையும். கண்ணாடியும் உடைந்தால், காற்றுப்பட்ட டங்ஸ்டன் கருகி, வெளிர்மஞ்சள் தூளாகப் படியும். அணைந்திருந்த இழையோ சுருள் கலையாமல் இருக்கும், அல்லது சுத்தமாக முறிந்திருக்கும். உயிரோடிருந்தபோது எவரும் திரும்பிப் பார்க்காத ஐந்து வாட் பல்பு, உடைந்தபின் உருப்பெருக்கியின் கீழ் பேசுகிறது.

எல்.ஈ.டி. வந்தபின் அச்சாட்சியும் மங்கிவருகிறது. அதில் நீள்வதற்கோ கருகுவதற்கோ இழை இல்லை. பல விளக்குப் பெட்டிகளைத் திறக்கவும் முடியாது. பல்பை மாற்றிய இடத்தில் இன்று பெட்டியையே மாற்றுகிறார்கள். புதிய கார்களுள் சிலவற்றில் கட்டுப்பாட்டுக் கணினியே மின்னோட்டத்தை அளந்து, பின்விளக்கு அணைந்ததை ஓட்டுநரின் முன் எழுத்தில் காட்டுகிறது. அவ்வண்டிகளில் பழைய டெஸ்ட் லேம்பைக் குத்தினால் கணினிக்கே கேடு வரலாம் என்பதால், புதுத் தலைமுறை மெக்கானிக்குகள் அதை ஒதுக்கி மல்டிமீட்டரை எடுக்கிறார்கள்.

பழைய லாரிகளும் டிராக்டர் டிரெய்லர்களும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு இன்னமும் பிறரின் கண்ணே கருவி. பகலில் முன்விளக்கு எரிய வருபவருக்கு, எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டும் சைகை இந்தியா முழுவதும் மொழி கடந்து வழங்குவது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானே எரிய வேண்டும் என்று விதி வந்தபின், அச்சைகைக்குப் பெரும்பாலும் பொருளே இல்லாமல் போயிற்று; ஆயினும் சில ஆண்டுகள் விரல்கள் குவிந்து விரிந்துகொண்டேயிருந்தன. பின்விளக்கு அணைந்திருக்கிறது என்று சொல்வதற்கு அதுபோல் பரவலான சைகை உருவாகவில்லை. அதைக் காண்பவர் பின்னால் இருக்கிறார். அவர் கை முன்னால் செல்பவருக்குத் தெரியாது. விரைந்து முந்தி, இணையாக வந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கத்த வேண்டும்.