பேராசிரியர் இல்லாத பல்கலைக்கழகம்

பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல், பியர் வெல்லாஸ் என்ற சர்வதேசச் சட்டப் பேராசிரியர் தம் பல்கலைக்கழகத்தின் கதவை ஓய்வுபெற்றவர்களுக்குத் திறந்துவிட்டார். முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. தேர்வு இல்லை, பட்டம் இல்லை. பாடங்களோடு உடற்பயிற்சியும் இருந்தது. 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர். வளர்ந்து படிப்பது முதல் பருவம். வேலையும் குடும்பமுமாக ஓடுவது இரண்டாவது. ஓய்வுக்குப் பின், உடம்பில் தெம்பு இருக்கும்போதே வாய்க்கும் ஆண்டுகள் மூன்றாவது. சில ஆண்டுகளிலேயே இது பிரான்சைத் தாண்டிப் பரவிவிட்டது.

ஆனாலும் அங்கே பேராசிரியர் பேசினார், முதியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்ததுதான்.

பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் என்ற மூவர் அங்கே இதைக் கையில் எடுத்தார்கள். லாஸ்லெட்டும் யங்கும் 1915இல் பிறந்தவர்கள். தாங்களே மூன்றாம் பருவத்தின் வாசலில் நின்றவர்கள். பழங்கால மக்கள்தொகையையும் குடும்ப அமைப்பையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் லாஸ்லெட். வேலையை முடித்த பிறகும் இத்தனை பேர் இவ்வளவு காலம் நலமாக வாழ்வது வரலாற்றில் இதற்கு முன் இல்லாதது என்பதைத் தம் ஆய்விலிருந்தே அறிந்தவர். அந்த ஆண்டுகளுக்கென்று சமூகம் எதையும் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை.

மூவரும் துலூஸின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், பேராசிரியரை விட்டுவிட்டார்கள். ஓய்வுபெற்ற செவிலியரும் பொறியாளரும் ஆசிரியரும் கூடும் இடத்தில் அறிவுக்கு என்ன பஞ்சம்? தெரிந்தவர் சொல்லித்தரட்டும், அவரே அடுத்த அறையில் மாணவராக உட்காரட்டும். கற்பிப்பவருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு சிறு சந்தா போதும். வீட்டுக் கூடத்திலோ தேவாலய மண்டபத்திலோ வகுப்பு. லத்தீன், நிலவியல், பறவை நோக்கல் என்று எதைப் படிப்பது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்தார்கள். பிபிசி வானொலியில் மிட்வின்டர் இதைப் பற்றிப் பேசியதும் நாடெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அவ்வளவு பேர் இதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்! 1982இல் குழுக்கள் தொடங்கின.

பணம் இல்லாததால் வந்த சிக்கனம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. முதியவருக்குப் பாடம் நடத்துவது கருணை. அவரைப் பாடம் நடத்தச் சொல்வது மரியாதை. நாளை நாலு பேருக்கு விளக்க வேண்டும் என்றால் இன்று இரவு புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். ஓய்வு பெற்ற அன்றோடு யாரும் தன்னை எதிர்பார்ப்பதில்லை என்று ஆகிப்போன ஒருவருக்கு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வரவுக்காக ஒரு வகுப்பே காத்திருக்கிறது.

1984இல் இது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குப் போனது. சீனா 1983இல் ஷான்டோங் மாகாணத்தில் முதியோர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது வேறு வழியில், அரசின் ஆதரவோடு போனது. பிரிட்டனில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. ஒன்றில்கூடப் பட்டம் தருவதில்லை.