பஜனைக் கோயில் தெரு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் போகும்போது கூகுள் மேப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில் ஒரு தெருப்பெயர் திரும்பத் திரும்ப வரும்: பஜனைக் கோயில் தெரு. ஒருகாலத்தில் கிராமமாக இருந்து நகரத்துக்குள் வந்துவிட்ட சூளைமேட்டிலும் இருக்கிறது.

கோயில் என்கிறோம், ஆனால் பல ஊர்களில் அது ஒற்றை அறைதான். கோபுரம் கிடையாது. சட்டம் போட்ட ராமர் படம், ஒரு விளக்கு, மூலையில் ஆர்மோனியம். சாமி கும்பிடுவதைவிட உட்கார்ந்து பாடுவதற்கென்றே கட்டிய இடம். மார்கழியில் விடியும் முன்பே அங்கே கூடி, தெருவைச் சுற்றிப் பாடி வந்து, பொங்கல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். (பொங்கலுக்காகப் பாடியவர்களில் நானும் ஒருவன்.)

கடப்பாக்கத்துக்கு அருகே ஓர் உறவினர் ஊரில், எனக்கு சுருதி சேராது என்று பின்னால் ஒதுங்கி நின்றபோது ஒரு தாத்தா சொன்னார்: "அதுக்கின்னா? கத்து. பத்து பேர் கத்துனா சுருதி தானா வந்துடும்." விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். உண்மையில் நிறைய குரல்கள் கொஞ்சம் கொஞ்சம் விலகி ஒலிக்கும்போது காது அவற்றுக்கு நடுவிலுள்ள ஸ்வரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. சேர்ந்து பாடும் எந்தக் குழுவும் இந்தச் சலுகையில்தான் பிழைக்கிறது.

பஜனையின் அமைப்பே இதற்கானது. ஒருவர் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். எழுத்து தெரிய வேண்டாம், ஒத்திகை வேண்டாம். தஞ்சைப் பகுதியில் கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், பிறகு மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் என்று ஒரு மரபு இதற்கு முறை வகுத்தது. மராட்டியர் ஆட்சி அபங்கங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. உஞ்சவிருத்தி எடுத்துத் தெருவில் பாடிப் போன தியாகராஜர் (1767-1847) பஜனைக்கென்றே திவ்யநாமக் கீர்த்தனைகள் செய்தார். அவற்றில் எல்லா சரணங்களுக்கும் ஒரே மெட்டு. ஒரு சரணத்தைப் பிடித்துவிட்டால் மீதியெல்லாம் கைக்கு வந்துவிடும். கச்சேரியில் நிரவல், ஸ்வரம் என்று நீளும் அவருடைய பெரிய கிருதிகளைக் கொண்டாடும் நாம் இதை ஒரு சாதனையாகச் சொல்வதில்லை. எல்லோரும் பாடக்கூடிய பாட்டைச் செய்வதும் கஷ்டம்தான்.

ஆனால் யார் அந்த 'எல்லோரும்'? சென்னை பஜனைகளைப் பார்த்துக் கட்டுரை எழுதிய அமெரிக்க மானுடவியலாளர் மில்டன் சிங்கர், பாடுகிறவர்கள் வயதும் அந்தஸ்தும் பாராமல் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து கட்டித் தழுவிக்கொள்வதைக் குறித்தார். அங்கே கூடியவர்களில் பெரும்பாலானோர் பிராமணர்கள் என்பதையும் குறித்தார். திருவையாறு இன்னும் கசப்பான உதாரணம். சமாதியைத் தன் பணத்தில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே ஆராதனையில் பாட இடமில்லை, பெண் என்பதால். அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஒரு கோஷ்டி நடத்தினார். 1940இல் கோஷ்டிகள் ஒன்றான பிறகே பெண்கள் அங்கே ஆண்களோடு சேர்ந்து பாட முடிந்தது. இன்று டிவியில் ஆயிரம் பேராகப் பஞ்சரத்தினம் பாடுவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருவதில்லை.

நான் சொன்ன ஊரிலும் பஜனை ஒரு வேப்பமரத்தோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் காலனி. ஏன் அங்கே போகலை என்று நான் சின்னவயசில் கேட்டதே இல்லை, சுற்றுப்பாதை என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். காலனியிலும் ஒரு பஜனைக் கோயில் இருக்கிறது. அங்கேயும் அதே ராமர்தான், பாட்டிலும் பாதி அதேதான். ஒரே நேரத்தில் இரண்டு கோஷ்டிகள், நடுவில் ஓர் ஏரிக்கரை.

மூணு வருஷம் முன்னால் மார்கழியில் போயிருந்தேன். எங்கள் பக்கம் ஆறு பேர் வந்தார்கள், எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்கள். ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லாததால் ஸ்பீக்கரில் ரெக்கார்டு போட்டார்கள், நாங்கள் அதன்கூடவே முணுமுணுத்தோம். வேப்பமரத்தடியில் அதை நிறுத்தியபோது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் டோலக் கேட்டது. யாரோ ஒரு பெண் குரல் முதல் வரியை எடுக்க, நிறையப் பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். அந்தப் பாட்டு எனக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.