பிடியரிசியும் மகமையும்

வியாபாரத்துக்குப் பணமே முதல் என்பர் பலர். நம் முன்னோர் சரித்திரத்தை நோக்கின், அவர்தம் முதல் வேறென்பது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையினின்று கருப்பட்டி கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர், வழிப்பறிக்கு அஞ்சி, சரக்கும் மாடும் தங்கப் பேட்டைகள் அமைத்தனர். அவற்றின் செலவுக்காகச் சரக்கின்பேரில் ஒவ்வொருவரும் செலுத்திய சிறு தொகையே மகமை. உறவின்முறையார் அதனைக் காத்துப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டனர்.

விருதுநகரில் 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. அதனை நடத்துதற்பொருட்டு வீடுதோறும் பெண்மக்கள் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து உதவினர். தாய் அவ்வாறு எடுத்து வைப்பதை நாள்தோறும் கண்டு வளர்ந்த சிறுவனுக்குச் சிக்கனத்தையும் ஈகையையும் தனியே போதிக்க வேண்டுவதில்லை. அவனே பின்னர் உறவினர் கடையில் எடுபிடியாய் அமர்ந்து, தராசும் கணக்கும் பயின்று, தனிக்கடை வைத்தான்.

1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்ததும் இப்பழக்கத்தின் விரிவேயாம். 1962 முதல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என வழங்குகின்றது.

கொடுத்துப் பழகிய கையை நம்பியே பிறர் கடன் கொடுக்கத் துணிவர். நம் மக்களுக்குப் பொருளைத் தேடி வைக்கும் நாம், அப்பிடியரிசிக் கலயத்தையும் வைத்துச் செல்கின்றோமா என்பதை எண்ணிப் பார்ப்போமாக.