மீன்பிடிக்க ஓர் அணை

மண் அணை ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அதன் உயரத்தை மட்டும் கண்டு வியந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மிகுதி நீர் வெளியேறக் கலிங்கு எங்கே இருக்கிறது, அடியில் மதகு உண்டா என்று தேடிப் பாருங்கள். கருங்கல் அணையின் மேல் நீர் வழிந்தால் அணை தாங்கக்கூடும். மண் அணை அப்படியல்ல. வழியும் நீர் வெளிச்சரிவை அரிக்கும். அரித்த பள்ளத்தில் நீர் இன்னும் விரைவாகப் பாயும். விரைவு கூடக் கூட அரிப்பும் கூடும். இதை மறந்த ஒரு தனியார் அணையின் வரலாறு கேளுங்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்னும் இரும்பாலை நகர் உள்ளது. அதற்கு 14 மைல் மேலே, மலைப் பள்ளத்தாக்கில், படகுக் கால்வாய்க்கு நீர் தருவதற்காக மாநில அரசு இந்த அணையைக் கட்டத் தொடங்கியது. ஆண்டு 1838. பணி முடிந்தது 1853-இல். உயரம் 72 அடி. களிமண்ணை அடுக்கடுக்காக நனைத்துத் திமிசு போட்டு இறுக்கியிருந்தார்கள். அடியில் ஐந்து இரும்புக் குழாய்கள். பக்கத்தில் பாறையை வெட்டி அமைத்த கலிங்கு. குறை சொல்ல முடியாத வேலைதான். ஆனால் அதற்குள் இரயில் வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. 1857-இல் அணை இரயில்வே கம்பெனியின் கைக்கு மாறியது. 1862-இல் ஓரிடத்தில் உடைந்தது. அப்போது நீர் குறைவாக இருந்ததால் பெருஞ்சேதம் இல்லை. 1875-இல் அதை வாங்கிய ஜான் ரைலி என்பவர் ஐந்து குழாய்களையும் கழற்றிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். அன்றோடு ஏரியின் நீர்மட்டத்தை விரும்பியபடி இறக்கும் வழி அடைபட்டது.

1879-இல் பெஞ்சமின் ரஃப் என்பவர் இதை வாங்கினார். பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர்களுக்காக மீன்பிடிப்பும் வேட்டையும் கொண்ட ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற எஃகு முதலாளிகள் அதில் உறுப்பினர்கள். ஏரியின் நீளம் ஏறத்தாழ இரண்டு மைல். கரையில் கோடை மாளிகைகள், நீரில் பாய்மரப் படகுகள், நீராவிப் படகுகள்! ஏரியில் விடுவதற்குப் பாஸ் மீன்களை இரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

உடைந்த இடத்தை மண்ணும் கல்லும் மரக்கிளையும் உலர்புல்லும் போட்டு மூடினார்கள். குழாய்களைத் திரும்பப் பொருத்தவில்லை. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே செல்ல வேண்டும் என்று அணையின் உச்சியை இரண்டு மூன்று அடி வெட்டிச் சாலையை அகலமாக்கினார்கள். விலை கொடுத்து வாங்கிய மீன் ஓடிவிடாதிருக்கக் கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பி வலை அடித்தார்கள். போதாக்குறைக்கு, பழுதுபார்த்த நடுப்பகுதி சற்றே தாழ்ந்தும் போயிற்று.

இரண்டு மூன்று அடிதானே என்று எண்ணாதீர்கள். கலிங்கின் தரை அங்கேயே இருக்க, கரையின் உச்சி மட்டும் இறங்கினால், கரை மீது வழிவதற்கு முன் கலிங்கில் ஓடக்கூடிய நீரின் ஆழம் குறைகிறது. ஆழம் பாதியானால் வெளியேறும் நீர் பாதியாவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஜான்ஸ்டவுனில் இது யாருக்கும் தெரியாததல்ல. அங்கிருந்த கேம்ப்ரியா இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரல், 1880-இல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீரை இறக்கக் குழாய் இல்லை, பழுதுபார்த்ததும் சரியில்லை என்று ஃபுல்டன் எழுதினார். உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று ரஃப் பதில் அனுப்பினார். செலவில் பங்கு தருகிறேன் என்று மோரல் முன்வந்தும் பயனில்லை.

1889 மே 30 இரவு பெருமழை. மறுநாள் காலை ஏரி கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. சங்கத்தின் தலைவர் எலையஸ் உங்கர் ஆட்களைக் கூட்டி உச்சியில் மண் போடச் சொன்னார். கரையோரம் இன்னொரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். கலிங்கின் கம்பி வலையில் கட்டைகளும் குப்பையும் அடைத்துக்கொண்டன. ஜான் பார்க் என்ற இளம் பொறியாளர் எச்சரிக்கை சொல்லக் குதிரையேறிக் கீழே இருந்த சவுத் ஃபோர்க் ஊருக்கு விரைந்தார். தந்தி போயிற்று. ஆனால் மழை பெய்யும் போதெல்லாம் அணை உடையப் போகிறது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர் அது. பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிற்பகல் மூன்று மணியளவில் அணை உடைந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி டன் நீர்! வழியில் இருந்த ஊர்களையும் இரயில் எஞ்சின்களையும் வாரிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் அது ஜான்ஸ்டவுனை அடைந்தது. சிதைவுகள் கல் பாலம் ஒன்றில் மலைபோல் குவிந்து தீப்பற்றின. வெள்ளத்தில் தப்பியவர்கள் சிலர் அங்கே நெருப்பில் மாண்டார்கள். இறந்தோர் 2,200க்கும் மேல். அடையாளம் தெரியாமலே புதைக்கப்பட்டவர்கள் 700க்கும் அதிகம்.

வழக்குகள் நடந்தன. சங்கம் ஒரு காசும் இழப்பீடு தர வேண்டியிருக்கவில்லை. பொறியாளர் கழகத்தின் குழு ஒன்று 1891-இல் வெளியிட்ட அறிக்கை, பழைய உயரத்தில் இருந்திருந்தாலும் அந்த மழையில் அணை தப்பியிராது என்றது. இங்கிலாந்தில் 1868-இல் தீர்ந்த ரைலண்ட்ஸ் - பிளெட்சர் வழக்கும் தனியார் நீர்த்தேக்கம் ஒன்றைப் பற்றியதே. ஆபத்தானதைத் தன் நிலத்தில் தேக்கி வைப்பவன், அஜாக்கிரதை இல்லாவிட்டாலும், அது வெளியேறி விளைக்கும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்றது அத்தீர்ப்பு. ஜான்ஸ்டவுனுக்குப் பின்னர்தான் அமெரிக்க நீதிமன்றங்கள் பல அந்த விதியை ஏற்கத் தொடங்கின.

2016-இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அணையின் அளவுகளை வைத்து மீண்டும் கணக்கிட்டார்கள். உச்சியை வெட்டியதால் நீரை வெளியேற்றும் திறன் பெரிதும் குறைந்தது என்றும், முதலில் கட்டியபடியே இருந்திருந்தால் அணை அன்றைய வெள்ளத்தைத் தாங்கியிருக்கும் என்றும் அவர்கள் முடிவு கண்டனர். அணையின் இரு முனைகளும் இன்றும் நிற்கின்றன. நடுவிலுள்ள இடைவெளியில் இரயில் பாதை செல்கிறது. வெள்ளத்தில் அழிந்த நூலகத்துக்கு மாற்றாக ஜான்ஸ்டவுனுக்குக் கார்னகி ஒரு நூலகம் கட்டித் தந்தார். அந்தக் கட்டடத்தில் இப்போது இருப்பது வெள்ளத்தின் அருங்காட்சியகம்.