அன்ரனாக் கம்பமும் ரவுட்டர்ப் பெட்டியும்

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் சிலவற்றின் பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டிய இரும்புக் குழாய்கள் இன்னும் நிற்கின்றன. உச்சியில் இருந்த அலுமினியக் குச்சிகளில் பாதி உதிர்ந்துவிட்டது. மீதியில் காகம் இருக்கிறது. அதே வீட்டு விறாந்தை மூலையில் இப்போது ரவுட்டர் ஒன்று பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து வீட்டுக்குள் படமும் பாட்டும் ஆக்குவதுதான் இரண்டுக்கும் வேலை. பின்னது வந்ததும் முன்னது வெறும் பழைய இரும்பாகிவிட்டது என்று நினைப்பதே வழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு அவ்வளவு நேராக வராது.

முதலில் கம்பத்தின் காலம். சென்னைத் தூரதர்ஷன் 1975 ஓகஸ்ட் 15இல் தொடங்கியது. இலங்கையில் ஐ.ரி.என். 1979இலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இலும் வந்தன. குடாநாட்டுக்குக் கொழும்பும் தூரம், சென்னையும் தூரம். யாழ் நகரிலிருந்து சென்னை ஏறத்தாழ 380 கிலோமீற்றர். ரிவி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அனுப்பும் கோபுரத்தின் உயரத்தையும் வாங்கும் அன்ரனாவின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும்.

இதைச் சென்னை நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்த கொடைக்கானலுக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மலை 2,000 மீற்றருக்கு மேல். நமது கம்பம் 15 மீற்றர். விடை ஏறத்தாழ 205 கிலோமீற்றர். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே 285 வரும். கணக்குப்படி கிடைக்கக் கூடாத படம் கிடைத்தது. காரணம் கடல். வெயில் காலத்தில் காற்று அடங்கிய நாட்களில் நீர்மட்டத்தை ஒட்டி ஈரமான குளிர்காற்றும் அதற்கு மேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்குக்குள் சிக்கும் அலை வளைவைத் தாண்டி நெடுந்தூரம் ஓடும். கரையோர ஊர்களில் ஒருநாள் கண்ணாடிபோலத் தெரிந்த படம் அடுத்த நாள் புள்ளிமழையாய்ப் போனதற்கு அன்ரனாக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. இராமேஸ்வரத்தில் நிற்கும் 323 மீற்றர்த் தூரதர்ஷன் கோபுரத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 90 கிலோமீற்றர் வருகிறது; யாழ் நகரமும் ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1990களில் அந்தக் கோபுரம் எழுந்தபோது குடாநாட்டில் பெரும்பாலான வீடுகளில் கரண்டே இல்லை.

ஆக, அன்ரனா என்பது உயரத்தோடும் திசையோடும் காலநிலையோடும் நடத்திய பேரம். ஒருவர் கூரையில் குழாயைத் திருப்புவார், ஒருவர் முற்றத்தில் நிற்பார், ஒருவர் உள்ளே ரிவிக்கு முன்னால். “இப்ப தெரியுதோ?” “இல்லை, இன்னும் கொஞ்சம் மேற்காலை.” வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ தொடங்க முன்பு இந்த வேலை முடிந்தாக வேண்டும். படம் வந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பாயில் வந்து இருப்பார்கள். யாருக்கும் பில் கிடையாது.

அந்தப் பில் இல்லாமையை நான் பெரிதாக எடுக்கிறேன். ஒலிபரப்பில் பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அனுப்புகிறவருக்குச் செலவு ஒன்றே. புதிதாக ஒருவர் சேர்வதால் முன்னிருந்தவருக்கு எதுவும் குறையாது. இன்ரநெற்றில் அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஓட்டம், தனிக் கணக்கு. எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 3 ஜிபி தின்னும். 4கே என்றால் அதன் இரண்டு மடங்குக்கும் மேல். பாட்டு மட்டும் நல்ல தரத்தில், அதாவது 320 கேபிபிஎஸ்ஸில், கேட்டால் மணிக்கு 144 எம்பிதான். டேட்டாவைப் பகலுக்கும் நள்ளிரவுக்குப் பிந்தியதற்குமாகப் பிரித்துத் தந்த பக்கேஜ்களால் பன்னிரண்டு மணி அடிக்கும்வரை விழித்திருந்து படம் இறக்கிய வீடுகள் எத்தனை! 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவருக்கு இன்னொரு சங்கடம். ஒரே கோபுரத்தை ஊரே பங்கு போடுகிறது. இரவு எட்டு மணிக்குப் படம் நடுவில் நின்று வட்டம் சுற்றுவதும், விடிய நாலு மணிக்கு அதே படம் தங்குதடையில்லாமல் ஓடுவதும் இதனால்தான். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிறையும்போது அந்தப் பங்கு இன்னும் சிறுக்கும். வயர் இழுக்க வழி இருக்கும் இடங்களில் நான் பைபரைத்தான் சொல்வேன். 4ஜி பெட்டியை வாடகை வீட்டுக்கும், கம்பி போகாத ஒழுங்கைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயர் இல்லாதது என்று பெருமைப்படும் இன்றைய ஏற்பாட்டில், பைபர் வீட்டில் உண்மையாக வயர் இல்லாத தூரம் கடைசிப் பத்துப் பதினைந்து மீற்றர். அதற்கு முன்னால் மின்கம்பத்தோடு தொங்கும் கண்ணாடி இழை, நிலத்துக்கடியில் கேபிள், கடலுக்கடியிலும் கேபிள். மழைக்காலத்தில் பனையோலை விழுந்து ஒழுங்கையில் இழை அறுந்தால் வீட்டுக்குள் எத்தனை கோடு சிக்னல் காட்டினாலும் படம் வராது. கொடைக்கானலிலிருந்து கடல் தாண்டி வந்த அலைதான் முழுமையாகக் காற்றில் வந்தது.

கடைசிப் பதினைந்து மீற்றரிலும் யாழ்ப்பாண வீட்டுக்கென்று சில குணங்கள் உண்டு. பழைய வீட்டுச் சுவர் சுண்ணாம்புக்கல். ஒன்றரை அடித் தடிப்பு அபூர்வமில்லை. புதிய வீட்டில் சீமெந்துக் கல்லும், மேலே கம்பி வைத்த பிளாட்டும். வைஃபை இரண்டு அலைவரிசையில் வருகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளம். சுவரை ஓரளவு துளைக்கும், ஆனால் வேகம் குறைவு, அயல்வீட்டு ரவுட்டர்களோடு இடிபடவும் வேண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதில் பாதி நீளம். வேகம் கூட, கல்லுச் சுவரைக் கண்டால் களைத்துவிடும். ரிவி இருக்கும் அறையில் ரவுட்டரும் இருந்தால் ரிவியை 5இல் போடுங்கள். இரண்டு கல்லுச் சுவர் தாண்டிய அறை என்றால் 2.4தான். மூன்றாவது சுவருக்குப் பிறகு அலையோடு மல்லுக்கட்டாமல் ஒரு லான் வயரை இழுத்து இரண்டாவது பெட்டி ஒன்றை வைப்பது நல்லது. மெஷ் என்று விற்கும் பெட்டிகளும் தமக்குள் அலையிலேயே பேசிக்கொண்டால் வேகத்தில் கணிசமான பங்கு அந்தப் பேச்சுக்கே போய்விடும்.

நாற்சார் வீடு வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உள்முற்றத்தைப் பார்த்தபடி உள்விறாந்தைத் தூணில் ரவுட்டரை உயரமாக வைத்தால் அலை திறந்த முற்றத்தைக் கடந்து நாலு பக்க அறைகளின் கதவு வழியாகவும் நுழையும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட வெளி வைஃபைக்கும் ஆகிறது. ஆனால் நடைமுறையில் நான் காண்பது வேறு. வயர் எந்தச் சுவரால் உள்ளே வருகிறதோ அந்த மூலையில், ஷோகேசுக்குள்ளோ ரிவிக்குப் பின்னாலோ, பெட்டியைத் தள்ளிவிடுகிறார்கள். பெரிய கண்ணாடி பதித்த இரும்பு அலுமாரியும் பிரிட்ஜும் அலையைத் திருப்பி அடிக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அன்ரனாவைப் பனை உயரத்துக்கு ஏற்றியவர்களின் பிள்ளைகள் ரவுட்டரை நிலத்தில் வைப்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. உயரம் அப்போதும் விதி, இப்போதும் விதி.

ஒலிக்கு வருவோம். போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பப் பலர் நாடுவது புளூடூத். ஒரு அறைக்கு அது போதும். போனோடு குசினிக்குப் போனால் பாட்டு அறுந்துவிடும், அழைப்பு வந்தால் கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு நடுவே ரிங்டோன் கேட்கும். வைஃபை ஸ்பீக்கருக்குப் பாட்டு நேரே ரவுட்டரிலிருந்து போகும். போன் வெறும் ஏவலாள். மூன்று அறையில் ஒரே பாட்டை ஒரே கணத்தில் கேட்பதும் அதில்தான் ஒழுங்காக நடக்கும். ரிவிக்குக் காஸ்ட் செய்யும்போது ரிவியின் பெயர் போனில் வரவில்லை என்ற முறைப்பாட்டுக்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் ஒன்றே: ரிவி வைஃபையில், போன் மொபைல் டேட்டாவில். இரண்டும் ஒரே வலையில் இருக்க வேண்டும். விருந்தினருக்கென்று திறந்த தனி வலையும் சரிவராது. கனடாவிலிருந்து பெட்டிக்குள் வந்த சவுண்ட்பாரைச் செருகுமுன் அடாப்டரில் 100–240 என்று இருக்கிறதா என்று பார்க்கவும். 110 மட்டும் என்றிருந்தால் நமது 230 அதை ஒரு நொடியில் முடித்துவிடும்.

கரண்ட் என்று வந்தால் ஒப்பீடு கடுமையாகிறது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது கோக்காவிலில் இருந்த ரூபவாஹினியின் அஞ்சல் நிலையம் யூலையில் வீழ்ந்தது; குடாநாட்டுக்கு மின்சாரமும் நின்றது. பற்றறி குடாநாட்டுக்கு அனுப்பத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. அப்போது வானொலியைக் காப்பாற்றியது சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, 6 வோல்ட், 3 வாற் கிடைக்கும். அது மாறுமின்னோட்டம், நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு நேராக்கி றேடியோவுக்குக் கொடுத்தார்கள். சுற்றும் கை வேகம் கூடினால் வோல்ட் ஏறி றேடியோ சுட்டுவிடும், குறைந்தால் குரல் அமுங்கும். அப்படித்தான் இரவில் பிபிசி தமிழோசையையும், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸையும் ஊர் கூடிக் கேட்டது. சிற்றலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. முற்றுகைக்கு அதைத் தடுக்கும் கை இல்லை. படம் பார்க்க வேண்டுமானால் ரிவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்து, விடியவிடிய மூன்று படம் போட வேண்டும்.

இன்றைய ரவுட்டர் 12 வோல்ட்டில் பத்து வாற் அளவு கேட்கும். 32 அங்குல எல்ஈடி ரிவி நாற்பது, ஐம்பது வாற். மூன்று வாற் டைனமோ இவற்றில் ஒன்றைக்கூட எழுப்பாது. 2022 மார்ச் இறுதியில் நாடு ஒருநாளில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. அப்போது ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்கியவர்களும் சில மணி நேரத்தில் ஏமாந்தார்கள். வீட்டில் பெட்டியின் வெளிச்சம் எரிந்தது, ஆனால் கோபுரத்தின் பற்றறி இறங்கிவிட்டது. நீண்ட சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் கரண்ட் வேண்டும். றேடியோவுக்கு இந்தப் பக்கத்தில் மூன்று வாற் போதும்.

சங்கிலியை வேறு விதமாகவும் அறுக்கலாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் பேஸ்புக், யூடியூப் முதலியவற்றை அரசு ஒரு கட்டளையில் நிறுத்தியது. விபிஎன் தெரிந்த இளையவர்கள் சுற்றுவழியால் போனார்கள். முதியவர்களுக்கு ரிவி வெறும் கண்ணாடி. இன்னொன்றும் உண்டு: அன்ரனாவில் யார் எதைப் பார்த்தார் என்று எவருக்கும் தெரியாது. ஸ்மார்ட் ரிவியோ நாம் பார்த்ததை எழுதி வைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு விடயத்தில் நான் கம்பத்தின் பக்கம்.

இவ்வளவு சொல்லியும் கம்பத்தைத் திரும்ப நடச் சொல்லமாட்டேன். அது வாங்க மட்டுமே தெரிந்த பொருள். 1960, 70களில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாடு காத்திருந்து கேட்டது உண்மை. ஆனால் அதை அனுப்பியது கொழும்பு நிலையம், யாழ்ப்பாணத்து வீடு அல்ல. ரவுட்டர் வந்த பிறகு வீடே நிலையமாகிவிட்டது. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவை ரொறன்ரோவில் விடியப்புறம் எழும்பிப் பார்க்கிறார்கள். வரமுடியாத மகன் தகப்பனின் இறுதிச் சடங்கைப் பாரிசிலிருந்து நேரலையில் பார்த்து அழுகிறான். முப்பது, நாற்பது செக்கன் பிந்தி வரும் ஓட்டம்தான். கிரிக்கெட் என்றால் பக்கத்து வீட்டு டிஷ்காரர் போடும் சத்தத்தில் விக்கெட் விழுந்தது முன்னமே தெரிந்துவிடும். சாவு வீட்டில் அந்த நாற்பது செக்கனை யாரும் எண்ணுவதில்லை.

மாறியிருக்கும் இன்னொன்று, கோளாறைத் திருத்தும் ஆள். அன்று அவர் கூரையில் நின்றார், கூப்பிட்டால் கேட்கும். இன்று கணக்கின் பாஸ்வேர்ட் லண்டனில் இருக்கும் மகளிடம். அவள் அதை மாற்றினால் இங்கே ரிவி திகைத்து நிற்கிறது. வட்ஸ்அப்பில் வந்து எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று சொல்லித்தர அவளுக்கு மனம் இருக்கிறது. ஆனால் அம்மாவின் வட்ஸ்அப்பும் அந்த வைஃபையில்தான் ஓடுகிறது. ஆகவே தனியே இருக்கும் பெற்றோருக்குப் பூட்டிக் கொடுப்பவர்களுக்கு மூன்று வேலை சொல்வேன். அம்மாவின் போனில் ஒரு சிறிய டேட்டா பக்கேஜ் தனியாக இருக்கட்டும். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். பற்றறியில் ஓடும் றேடியோ ஒன்றை வாங்கி, அவர் விரும்பும் நிலையத்தில் முள்ளை நிறுத்தி, அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி போட்டு வையுங்கள்.